அன்பு தூக்கிச் செல்லும் தூரம்: ‘பேரன்பு’ படமும் நம் மாதிரி விடைகளும்

இந்தக் கட்டுரை ஒரு திரைப்படத்தைப் பற்றியது. அந்தப் படத்தை நாம் வகுப்பிலும் தேர்விலும் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பற்றியதும்கூட.

“உடற்குறையுள்ளோருக்குச் சமூகம் எவ்வாறு துணைநிற்கலாம்?” என்ற கேள்வி உங்களுக்குப் புதிதல்ல. வாய்மொழித் தேர்வுப் பயிற்சியில் வரும். கருத்துக் கட்டுரையிலும் வரும். பெருமூளை வாதம் உள்ள ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசச் சொன்னால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் இப்படி இருக்கும்:

“அவங்க ரொம்பப் பாவம். அவங்களால நடக்க முடியாது. நாம அவங்ககிட்ட அன்பா நடந்துக்கணும். பேரன்பு படத்துல அப்பா தன் மகளை எவ்ளோ அன்பாப் பார்த்துக்கிட்டாரு!”

மொழியில் பெரிய குறை இல்லை. உணர்வும் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு தகவல்கூட இல்லை, பாருங்கள். அந்தப் பிள்ளை எங்கே போக நினைத்தது, எது தடுத்தது, எதை மாற்றினால் போக முடியும் என்று எதுவும் தெரியவில்லை. பெருமூளை வாதம் உள்ள ஒரு மாணவர் அதே வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து இந்த மாதிரி விடையைப் படிக்கலாம். அப்படிப் படித்தால், ‘பாவம்’ என்பது தன் பெயர் என்றுதானே அவர் கற்றுக்கொள்வார்?

ஆகவே, ‘பேரன்பு’ படத்தை ஒரே கேள்வியோடு மறுபடி பார்ப்போம்: இந்தப் பிள்ளை இங்கிருந்து அங்கே போவதை எது தடுக்கிறது?

படம் சரியாகச் செய்தது

இயக்குநர் ராம் எடுத்த ‘பேரன்பு’ 2018இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, 2019 பிப்ரவரியில் திரையரங்குகளுக்கு வந்தது. அமுதவனாக மம்முட்டி. அவருடைய பதின்ம வயது மகள் பாப்பாவாக சாதனா. இவர் ‘தங்கமீன்கள்’ படத்தில் நடித்த அதே சிறுமிதான். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு அமுதவன் ஊர் திரும்பும்போது மனைவி வீட்டைவிட்டுப் போயிருக்கிறார். அதுவரை அதிகம் பழகாத மகளை அவர் தனியாக வளர்க்க வேண்டும். சுற்றியிருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். மகளோடு ஏரிக்கரை வீடு ஒன்றுக்குப் போகிறார். பிறகு நகரத்துக்கு வருகிறார்.

தமிழ்ப் படங்களில் உடற்குறை பெரும்பாலும் நகைச்சுவைக்கோ கண்ணீருக்கோ பயன்பட்டிருக்கிறது. ‘பேரன்பு’ இரண்டையும் தவிர்க்கிறது. மகளைச் சிரிக்க வைக்க அப்பா என்னென்னவோ செய்து பார்த்துத் தோற்றுப்போகும் காட்சியை நினைத்துப் பாருங்கள். கேமரா வெட்டாமல் காத்திருக்கிறது. அவசரப்படாதே, இந்த உடலுக்கு அதன் நேரத்தைக் கொடு என்று படம் நமக்குச் சொல்லித்தருகிறது. வகுப்பில் நமக்கு மிகவும் தேவைப்படும் பாடம் இதுதான்.

சாதனாவின் உடல்மொழியும் கவனமானது. மணிக்கட்டு உள்ளே மடங்கியிருக்கும். கழுத்தும் வாயும் ஒரு பக்கம் இழுக்கும். அடி எடுத்து வைப்பதே ஒரு வேலையாகத் தெரியும். ஆனால் பாப்பா நடக்கிறாள்! “நடக்க முடியாத பெண்ணின் கதை” என்று கட்டுரையில் எழுதும் மாணவர்கள் படத்தையே சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

படம் விட்டுவிட்டது

படம் அத்தியாயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு தலைப்பும் ‘இயற்கை’ என்ற சொல்லில் தொடங்குகிறது. பாப்பாவுக்கு நேர்வதெல்லாம் இயற்கையின் ஏதோ ஒரு குணம் என்பது படத்தின் பார்வை. கவிதையாக இது நன்றாக இருக்கிறது. விளக்கமாக எடுத்துக்கொண்டால் இடிக்கிறது.

ஏன் என்றால், படத்திலேயே இடம் மாறும்போதெல்லாம் பாப்பாவின் வாழ்க்கை மாறுகிறது. அக்கம்பக்கத்தார் முறைக்கும் வீட்டில் ஒரு விதம், ஏரிக்கரை வீட்டில் ஒரு விதம், நகரத்து விடுதி அறையில் ஒரு விதம், பிள்ளைகளைக் கொடுமைப்படுத்தும் காப்பகத்தில் இன்னொரு விதம். அவளுடைய மூளைக் காயம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். மாறியவை வீடும் மனிதர்களும். அதை ‘இயற்கை’ என்று சொல்லிவிட்டால் யாரையும் எதையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்று. எல்லாப் பொறுப்பும் ஓர் அப்பாவின் கைகளில் வந்து நிற்கிறது. தூக்குகிறார், தாங்குகிறார், கூடவே ஓடுகிறார். அவர் தளர்ந்தால் எல்லாம் முடிந்தது. நாமும் கட்டுரையில் இதையே திரும்பச் சொல்கிறோம்: அன்பு இருந்தால் போதும். போதுமா? எட்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி ஏறலாம். பதினாறு வயதில்? அன்பு குறையாது, ஆனால் முதுகு தாங்காது. தன்னை யாராவது தூக்கினால்தான் வெளியே போகலாம் என்றால், எங்கே போவது, எப்போது போவது என்பதையும் தூக்குபவர்தான் முடிவு செய்வார்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

‘முடக்குவாதம்’ என்ற சொல்லைக் கேட்டதும் அசையாமல் கிடக்கும் உடல்தான் மனத்தில் வருகிறது. உண்மை வேறு. பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்து சில காலத்துக்குள்ளோ, வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு ஏற்படும் பாதிப்புதான் பெருமூளை வாதம். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு பிறகு பெரிதாவதில்லை. ஆனால் உடல் வளர வளர அதன் விளைவு மாறும். ஆரம்பப் பள்ளியில் தானாக நடந்த பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் சக்கர நாற்காலி கேட்டால், “சோம்பேறித்தனம்” என்று நினைத்துவிடக் கூடாது. உடல் எடையும் உயரமும் கூடுகின்றன. எலும்பு வளரும் வேகத்துக்கு இறுகிய தசை நீள்வதில்லை.

நடமாட்டத்தைப் பாதிப்பவை பல. தசை இறுக்கம் ஒன்று. பலர் இதை மட்டும்தான் சொல்வார்கள். இறுகிய அதே தசை பலவீனமாகவும் இருக்கும். சமநிலை குறைவு, ஒரு மூட்டை மட்டும் தனியாக அசைக்க இயலாமை, மூட்டுகள் மடங்கியபடியே நின்றுவிடுவது, இடுப்பு மூட்டு மெல்ல இடம் நகர்வது ஆகியவையும் உண்டு. வெளியே தெரியாத இரண்டு காரணங்கள் இன்னும் முக்கியம்: களைப்பும் வலியும். நாம் யோசிக்காமல் நடக்கும் அதே தூரத்தை நடக்க இவர்களின் உடல் கூடுதல் ஆற்றலைச் செலவழிக்கிறது.

பல ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளிவந்த ஒரு மருத்துவக் கட்டுரை தரும் கணக்கு: பெருமூளை வாதம் உள்ளவர்களில் நால்வரில் மூவருக்கு வலி இருக்கிறது. மூவரில் ஒருவரால் நடக்க இயலாது. நால்வரில் ஒருவரால் பேச இயலாது. இதைத் திருப்பிப் படியுங்கள்: மூவரில் இருவர் ஏதோ ஒரு விதத்தில் நடக்கிறார்கள். “அவங்களால நடக்க முடியாது” என்ற வாக்கியம் பெரும்பாலோருக்குப் பொருந்தவில்லை. “அவங்களுக்கு வலிக்குது” என்ற வாக்கியம் பெரும்பாலோருக்குப் பொருந்தும். ஆனால் அதை எந்த மாதிரி விடையிலும் காணோம்.

கனடாவில் 1997இல் உருவான ஓர் அளவீடு, இந்தப் பிள்ளைகளின் நடமாட்டத்தை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலையினர் நடப்பார்கள், ஓடுவார்கள். வேகமும் சமநிலையும் சற்றுக் குறையும். இரண்டாம் நிலையினருக்குப் படி ஏறக் கைப்பிடி வேண்டும். மேடு பள்ளமும் நீண்ட தூரமும் சிரமம். மூன்றாம் நிலையினர் ஊன்றுகோல் அல்லது வாக்கர் பிடித்து நடப்பார்கள். நான்காம் நிலையினர் பெரும்பாலும் சக்கர நாற்காலியில் செல்வார்கள். மின்விசை நாற்காலி கிடைத்தால் தாமாகவே ஓட்டிச் செல்லலாம். ஐந்தாம் நிலையினருக்குத் தலையை நிமிர்த்தி உட்காரவே துணை வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் உருவாகி 2004இல் வெளிவந்த இன்னோர் அளவீடு தூரத்தைக் கணக்கில் எடுக்கிறது: 5 மீட்டர், 50 மீட்டர், 500 மீட்டர். அதாவது வீட்டுக்குள், பள்ளிக்குள், ஊருக்குள். ஒரே பிள்ளை வீட்டில் சுவரைப் பிடித்து நடக்கலாம், பள்ளியில் வாக்கர் பிடிக்கலாம், கடைத்தெருவில் சக்கர நாற்காலியில் போகலாம். மூன்றும் உண்மை. ஆகவே “நடக்க முடியுமா?” என்று கேட்பதைவிட “எவ்வளவு தூரம், எந்தத் தரையில், எதைப் பிடித்துக்கொண்டு?” என்று கேட்பதே பயனுள்ளது.

தேக்காவில் ஒரு 500 மீட்டர்

இந்தக் கேள்வியை நம் ஊரில் கேட்டுப் பார்ப்போம். லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையத்தில் மின்தூக்கி இருக்கிறது. இரண்டாம் நிலைப் பிள்ளை ஒருவர் அங்கிருந்து பஃப்ளோ சாலை வழியாகச் சிராங்கூன் சாலைக்கு வந்து, வீரமாகாளியம்மன் கோயில்வரை போக வேண்டும். சில நூறு மீட்டர்தான்.

தேக்கா ஈரச்சந்தைக்குள் போனால் தரை ஈரம். நமக்கு அது வழுக்காத ஈரம். கால் விரல்களை ஊன்றி நடப்பவருக்கு அதே ஈரம் ஆபத்து. வெளியே வந்தால் கடைவீடுகளின் அஞ்சடி. ராஃபிள்ஸ் காலத்து 1822 நகரத் திட்டத்திலிருந்து வந்த இந்தக் கூரையிட்ட பாதை வெயிலுக்கும் மழைக்கும் நல்லதுதான். ஆனால் ஒரு கடையின் தளம் முடிந்து அடுத்த கடையின் தளம் தொடங்கும் இடத்தில் உயரம் மாறலாம். ஒரு படி வரலாம். நடுவில் பூச்சரக் கூடை, காய்கறிப் பெட்டி, வரிசையில் நிற்கும் கூட்டம். வாக்கர் வைத்திருப்பவர் சாலையில் இறங்கி ஏற வேண்டியிருக்கும். தீபாவளி நேரத்தில் நெரிசலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அசையாமல் நின்று காத்திருப்பதுகூட அந்தக் கால்களுக்கு உழைப்புதான்.

லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. கடைவீடுகளின் அழகு காப்பாற்றப்பட்டது நமக்குப் பெருமை. அந்த அழகில் மாடிக்குப் போகும் குறுகலான, செங்குத்தான படிக்கட்டும் சேர்ந்திருக்கிறது. மேல்மாடியில் நடக்கும் பாட்டு வகுப்புக்கோ துணைப்பாட வகுப்புக்கோ நம் பிள்ளை எப்படிப் போவார்? அங்கேதான் ‘பேரன்பு’ அப்பா மறுபடி தேவைப்படுகிறார்: தூக்கிக்கொண்டு போக.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் ஸ்பாஸ்டிக் பிள்ளைகளுக்கான சங்கம் 1957இலேயே தொடங்கியது. இன்று அது செரிப்ரல் பால்சி அலையன்ஸ் சிங்கப்பூர் என்ற பெயரில் பாசிர் ரிஸ்ஸில் பள்ளி நடத்துகிறது. தடையில்லாக் கட்டட விதிமுறை 1990இல் வந்தது. உடற்குறையுள்ளோருக்கான முதல் பெருந்திட்டம் 2007இல் தொடங்கியது. அவர்களின் உரிமைகளுக்கான ஐக்கிய நாட்டு உடன்பாட்டைச் சிங்கப்பூர் 2013இல் உறுதிப்படுத்தியது. மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்வி 2019இலிருந்து நடப்புக்கு வந்தது. வீவக புளோக்குகளில் ஒவ்வொரு மாடியிலும் நிற்கும் மின்தூக்கிகள், தாழ்தளப் பேருந்துகள் எல்லாம் இருக்கின்றன. தனியோர் அப்பா சுமந்த பாரத்தை ஒரு நகரம் பங்குபோட்டுக்கொள்வது என்றால் இதுதான். நம் கட்டுரைகளில் இவை ஏன் வருவதில்லை? சென்னை விடுதி அறையைப் பற்றி எழுதும் மாணவர், தன் வீட்டுக்குக் கீழே இருக்கும் சாய்தளத்தைப் பற்றி எழுதுவதில்லையே!

போவது வேறு, பங்கெடுப்பது வேறு

உலகச் சுகாதார நிறுவனம் 2001இல் ஒரு சட்டகத்தை வகுத்தது. உடல் எப்படி இருக்கிறது, அந்த உடலால் என்ன செய்ய முடிகிறது, வாழ்க்கையில் எதில் பங்கெடுக்க முடிகிறது ஆகிய மூன்றையும் அது தனித்தனியாகப் பார்க்கிறது. சுற்றுச்சூழல் இம்மூன்றோடும் சேர்ந்து வேலை செய்கிறது. ஐரோப்பாவின் ஒன்பது வட்டாரங்களில், 8 முதல் 12 வயதுக்குட்பட்ட 818 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. வலி அதிகமாக இருந்தவர்கள் குறைவாகப் பங்கெடுத்தார்கள். உடலில் ஒரே அளவு பாதிப்பு இருந்தாலும், வாழும் வட்டாரத்தைப் பொறுத்துப் பங்கேற்பு மாறியது. ‘இயற்கை’ மட்டும் காரணம் என்றால் வட்டாரத்துக்கு வட்டாரம் ஏன் மாற வேண்டும்?

ஆசிரியர்களே, இனி நம் தமிழ் வகுப்புக்கு வருவோம். தாய்மொழிப் பாடவேளையில் பல வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் எழுந்து தமிழ் அறைக்கு வருகிறார்கள். சிலருடைய பள்ளியில் தமிழ் கற்பிக்கப்படாததால், பள்ளி முடிந்த பிறகு உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்கோ வேறு நிலையத்துக்கோ போகிறார்கள். நடப்பதில் சிரமமுள்ள தமிழ் மாணவருக்குத் தமிழ் படிப்பதே ஒரு கூடுதல் பயணம். 50 மீட்டரும் 500 மீட்டரும் அவருடைய தமிழ்ப் பாடத்தின் ஒரு பகுதி. தாமதமாக வந்தவரை “ஏன் லேட்டு?” என்று கேட்கும் முன், அவர் எந்த மாடியிலிருந்து, எந்த வழியாக வந்தார் என்று கேட்டோமா?

சுவரில் ஒட்டிய தாள்களைச் சுற்றி நடந்து படிக்கும் நடவடிக்கை நமக்குப் பிடித்த ஒன்று. அந்தத் தாள்களை மேசைக்கு மேசை நகர்த்தினால், பிள்ளை நகர வேண்டியதில்லை, பாடம் அதேதான். மேசை உயரம், கால் தரையில் படும் நாற்காலி இரண்டும் சரியாக இருந்தால் கை நிதானப்படும். கை நிதானப்பட்டால் எழுத்து வரும்.

பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாயும் நாவும் தசைகள்தான். ழகரமும் ளகரமும் பிசகும்போது, வேறுபாடு தெரியாததால் பிசகுகிறதா, நாக்கு வளையாததால் பிசகுகிறதா என்று நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவதைப் பயிற்சி சரிசெய்யும். இரண்டாவதுக்குத் தேவை நம்முடைய காத்திருப்பு. தேசியத் தேர்வுகளில் கூடுதல் நேரம் போன்ற சிறப்பு ஏற்பாடுகளுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம். இதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்வது நம் வேலை.

தேர்வுக்கு எப்படிப் பயன்படுத்துவது?

மாணவர்களே, ‘பேரன்பு’ படத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ஆனால் அதோடு நிற்காதீர்கள். வாய்மொழியில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

“பேரன்பு படத்துல அப்பாவோட அன்பு ரொம்ப ஆழமா இருக்கு. ஆனா ஒருத்தரே எல்லாத்தையும் சுமக்குறாரு. சிங்கப்பூர்ல மின்தூக்கி, சாய்தளம், தாழ்தளப் பேருந்து இதெல்லாம் அந்தச் சுமையக் குறைக்குது. இருந்தாலும் தேக்காவுல சில அஞ்சடியில படி இருக்கு. அங்க சின்னதா ஒரு சாய்தளப் பலகை போட்டா, வாக்கர் வெச்சிருக்குறவங்க தானாவே கடைக்குள்ள போகலாம். வரிசையில உட்கார ஒரு நாற்காலி குடுத்தா வலியும் குறையும்.”

எழுத்தில் இப்படி அமைக்கலாம்:

“பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளில் பலர் நடக்கக்கூடியவர்கள். எனினும் வலியும் களைப்பும் சமமற்ற தரையும் அவர்களின் பங்கேற்பைக் குறைக்கின்றன. ஆகவே, அன்போடு அணுகுவது மட்டுமின்றித் தடைகளை அகற்றுவதும் சமூகத்தின் கடமையாகும்.”

இரண்டிலும் ‘பாவம்’ என்ற சொல் இல்லை. ‘முடங்கிக் கிடக்கும்’ என்ற தொடரும் இல்லை. இடம் இருக்கிறது, காரணம் இருக்கிறது, தீர்வு இருக்கிறது. கருத்து வளம் என்று மதிப்பீட்டில் நாம் தேடுவது இதைத்தானே?

வகுப்பில் கலந்துரையாட மூன்று கேள்விகள்:

1. உங்கள் வகுப்பறையிலிருந்து தமிழ் அறைக்கு எத்தனை படிகள்? மின்தூக்கி வழியாகப் போனால் எவ்வளவு நேரம் கூடுகிறது?
2. லிட்டில் இந்தியாவில் உங்களுக்குத் தெரிந்த ஒரு கடையின் வாசலை வருணியுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே போக எதை மாற்ற வேண்டும்?
3. ‘அன்பு இருந்தால் போதும்’ என்ற கருத்தை ஏற்கிறீர்களா? காரணம் கூறுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: ‘பேரன்பு’ படத்தின் பிற்பகுதி பெரியவர்களுக்கான கேள்விகளை எழுப்புகிறது. முழுப் படத்தையும் வகுப்பில் காட்ட வேண்டியதில்லை. தேர்ந்தெடுத்த ஒரு காட்சி போதும். முதல் கேள்வியைக் கொடுக்கும் முன் அந்தப் படிகளை நீங்களே ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பெருமூளை வாதம் உள்ள மாணவர் உங்கள் வகுப்பில் இருந்தால், அவரை எடுத்துக்காட்டாக நிறுத்தாதீர்கள். மற்றவர்களைக் கேட்பதுபோல அவரிடமும் கருத்தைக் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.